தப்பிய பந்துகளின் நோட்டு

ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நான் செய்த வேலை, தோலில் பழுது கண்டுபிடிப்பது. தோல் ஷாப்பில் பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோலை எங்கள் மேசைமேல் விரித்துப் போடுவார்கள். உள்ளங்கையால் ஒரு முறை தடவுவேன். பிறகு விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பேன். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலியில் உரசிய கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு என்று எது இருந்தாலும் வெள்ளிப் பேனாவால் குறி போட வேண்டும். கட்டிங் செய்கிறவர் அந்தக் குறியை ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் வெட்டுவார். நல்ல இடத்தில் யாரும் குறி போட மாட்டார்கள். நல்ல இடம் சும்மா கிடக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

எனக்குப் பேச வராது. ஐந்தாவது வரை படித்தேன். அங்கேயும் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன். மார்க்கிங் மேசை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். சூப்பர்வைசர் வந்து "இன்னாம்மா இது?" என்று கேட்டால் விரலால் காட்டினால் போதும். இருபத்தாறு வருஷத்தில் நான் கம்பெனியில் பேசியதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

வயசாகி கம்பெனியிலிருந்து நின்ற பிறகு, ஆம்பூர் பக்கத்தில் எங்கள் ஊர் பெண்கள் பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. பெருக்குவது, மணி அடிப்பது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது. அதோடு விளையாட்டுச் சாமான் அறையின் சாவியும் என்னிடம்தான். காலையில் ஐந்தரைக்குத் திறந்து, ஹாக்கி மட்டைகளையும் பந்துக் கூடையையும் வெளியே எடுத்து வைப்பேன். பி.டி. டீச்சர் காட்பாடியிலிருந்து ரயிலில் வருவார். அவர் வந்து சேர ஆறரை, ஆறே முக்கால் ஆகும்.

அங்கே ஹாக்கி ஆட வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியவந்தது அவள் ஒன்பதாவது படிக்கும்போது. அப்பா தோல் ஷாப்பில் வேலை, அம்மா ஷூ கம்பெனியில் தையல். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒல்லிக் கால், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, முகத்தில் எப்போதும் ஒரு முறைப்பு. அவள் மைதானத்தில் இறங்கினால் பந்து எப்படியோ அவளைத் தேடி வரும். கோல் போட்டாலும் குதிக்க மாட்டாள். திரும்பி நடந்து வந்து தன் இடத்தில் நின்றுகொள்வாள்.

ஒரு நாள் பி.டி. டீச்சர் என்னிடம் ஒரு கட்டுரை நோட்டையும் பேனாவையும் கொடுத்தார்.

"ஆயா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இந்தப் பொண்ணு எங்கெங்க இருந்து அடிக்கறான்னு குறிச்சு வையுங்க. ஆட்டத்தைப் பாத்துக்கிட்டே என்னால எழுத முடியல."

எனக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் குறிக்கத் தெரியும். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்த அரைவட்டத்தை ஒவ்வொரு பக்கத்திலும் வரைந்துகொண்டேன். எனக்கு அது கழுத்தும் காலும் வெட்டிய ஆட்டுத்தோல் மாதிரி தெரிந்தது. ஓரத்தில் கிடந்த சிமெண்ட் உருளைமேல் உட்கார்ந்துகொண்டு அதில் குறி போட ஆரம்பித்தேன். பந்து கோலுக்கு வெளியே போனால் வட்டம். கோல்கீப்பர் தடுத்தால் பெருக்கல். மட்டையில் படாமலே போனால் ஒரு கோடு. பக்கத்தின் அடியில் மாசம்.

கோல் ஆனால் ஒன்றும் போடவில்லை. நல்ல இடத்தில் யாராவது குறி போடுவார்களா?

டீச்சர் கேட்டது கோல் கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாளில் டீச்சர் ஒரு ஸ்டாண்டு வாங்கி அதில் போனை மாட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். நோட்டை மறந்தே போனார். நிறுத்தச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்தான் கேட்கிற ஆளே இல்லையே. அப்படியே மூன்று வருஷம் ஓடியது. நோட்டு நாலு ஆனது.

ஒரு முறை அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆயா, கோலம் வரையறியா?"

நான் நோட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் எழுத எழுத எனக்கு ஒன்று புரிந்தது. டீச்சர் வருவதற்கு முன்னால் காலையில் அவள் மட்டும் வருவாள். என்னிடம் கூடையை வாங்கிக்கொண்டு நேராக ஒரு இடத்துக்குப் போவாள். முந்தின ஆட்டத்தில் நான் எங்கே குறி போட்டேனோ, அதே இடம். அங்கே நின்று நாற்பது, ஐம்பது பந்து அடிப்பாள். எந்த இடத்தில் தப்பினோம் என்பது அவளுக்கு என் நோட்டைப் பார்க்காமலே தெரிந்திருந்தது. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. டீச்சர் அந்த நேரத்தில் ரயிலில் இருப்பார். நான் உருளைமேல் இருப்பேன்.

அவள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்தபோது வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அம்மா தைக்கிற ஷூ கம்பெனியில் அப்பா சொல்லி வைத்திருந்தார். தையல் டிரெயினிங்குக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குச் சோறு போட்டதும் கம்பெனிதான். ஆனால் அந்தப் பெண் கையில் மட்டையைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கையில் வேறு எதையும் வைத்துப் பார்க்க மனசு வராது.

பி.டி. டீச்சர் சும்மா இருக்கவில்லை. அவள் போட்ட கோல்களை எல்லாம் சேர்த்து, பின்னால் பாட்டு வைத்து, டிவியில் ஆடுகிற ஒரு பெரிய டீமுக்கு அனுப்பினார். அந்த டீம் சின்னப் பெண்களைத் தங்க வைத்துப் பழக்குகிறதாம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே. நன்றாக வந்தால் பிறகு பெரிய டீமிலேயே சம்பளத்துக்கு ஆடலாம். எங்கள் பக்கத்துக்கென்று ஒரே ஒரு இடம் வைத்திருந்தார்கள். பார்த்து முடிவு சொல்ல ஒரு அம்மாவை அனுப்பினார்கள்.

அந்த மேடம் சென்னைக்காரர். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவராம். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். இடது முட்டியில் ஒரு பட்டை கட்டியிருந்தார், அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். இரண்டு நாள், இரண்டு ஆட்டம். அதற்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

முதல் நாள் பக்கத்து ஊர்ப் பெண்களோடு ஆட்டம். இவள் ஐந்து கோல் போட்டாள். டீச்சருக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

"மேடம், ஒரே மேட்ச்ல அஞ்சு!"

மேடம் தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டார்.

"அந்த கோல்கீப்பர் பந்தைப் பாத்தாலே கண்ணை மூடிக்கிறா மிஸ். அவ மேல நானும் அஞ்சு போடுவேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு."

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வயசுல கோல் போடற பொண்ணுங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. வீடியோ வராத நாளே இல்ல. பெரிய இடத்துக்கு வந்தா தடுக்கத் தெரிஞ்சவங்க எதிர்ல நிப்பாங்க. அப்ப கோல் வராது. வரலன்னா என்ன பண்றதுன்னு இவங்களுக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துல ஆளைக் காணோம். இன்னிக்கு எப்படி ஆடறான்னு பாக்க நான் வரல. இன்னும் நாலு வருஷம் கழிச்சு எப்படி ஆடுவா? அதை எந்த வீடியோ சொல்லும்?"

நான் கூடையில் பந்தை எண்ணிப் போட்டுக்கொண்டே இதைக் கேட்டேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என் இடுப்பில் சொருகியிருக்கிற நோட்டில் பதில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. ஆனால் வாய் திறக்க வேண்டுமே.

இரண்டாம் நாள் சென்னையிலிருந்து ஒரு டீம் வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியும் கதவு மாதிரி இருந்தார்கள். கோல்கீப்பர் பந்தைப் பார்த்துக் கண்ணை மூடுகிற ரகம் இல்லை. முதல் பாதியில் இவள் மூன்று முறை அடித்தாள், மூன்றும் போச்சு. ஒன்று வெளியே. ஒன்று தடுப்பு. மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். கோலின் வலது கம்பத்துக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஓரத்திலிருந்து வேகமாக வந்த பந்து. திருப்பி விட்டால் போதும். கோல்கீப்பர் காலை நீட்டித் தட்டிவிட்டாள்.

நான் பெருக்கல் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் நிழல். மேடம் வெயில் தாங்காமல் உருளைப் பக்கம் மரத்தடிக்கு வந்திருக்கிறார்.

"என்னம்மா எழுதறீங்க?"

முந்தானையைத் தேடினேன். அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார். கொடுக்காமல் இருக்கவும் எனக்குத் தெரியாது.

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தவர், நோட்டைப் பார்த்ததும் நின்றார்.

"ஆயா, நான் குடுத்த நோட்டா இது? இன்னும் எழுதறீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். "வட்டம்னா என்ன? கோலா?"

"வெளிய போனதுங்க," என்றேன்.

"பெருக்கல்?"

"தடுத்ததுங்க."

"அப்போ கோல் எங்க?"

"அது போடலீங்க."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ ஆயா! மூணு வருஷமா அவ பண்ண தப்பை மட்டுமா எழுதி வெச்சிருக்கீங்க? அதையும் இவங்க கையிலயே குடுத்திருக்கீங்களே!"

அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. மைதானத்தின் நடுவில் அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே.

மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மத்த நோட்டு இருக்கா?" என்று கேட்டார். சாமான் அறையிலிருந்து மற்ற மூன்றையும் எடுத்து வந்து கொடுத்தேன். உருளைமேல் நாலையும் பரப்பிவைத்தார்.

முதல் வருஷம் அரைவட்டத்தின் இடது பக்கம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி குறி. ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும். இடது பக்கம் வரும் பந்தை அடிக்க மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அது அவளுக்கு அப்போது வரவில்லை. இரண்டாம் வருஷம் இடது பக்கம் வெளுத்திருந்தது. குறியெல்லாம் நடுவில், தூரத்தில். மூன்றாம் வருஷம் அங்கேயும் கம்மி. அங்கொன்றும் இங்கொன்றும்.

மேடம் விரலை இடது பக்கத்தில் வைத்தார்.

"குறி கம்மியாச்சுன்னா தப்பு கம்மியாச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. வரலன்னு அந்தப் பக்கம் போறதையே விட்டிருக்கலாம். நிறைய பொண்ணுங்க அப்படித்தான் தப்பிச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். டீச்சரும் பார்த்தார். நான் விரலால் காட்டிப் பார்த்தேன். நோட்டில் காட்ட எதுவும் இல்லை. நல்ல இடம்தான் சும்மா கிடக்கிறதே. பேசித்தான் ஆக வேண்டும்.

"இல்லீங்க," என்றேன். "இப்பதான் அந்தப் பக்கத்துலேந்து ஜாஸ்தி அடிக்கறா. அவ அடிச்சதுல தப்பினத மட்டும்தான் நான் போட்டேன். தப்பாதது டீச்சர் போன்ல இருக்குங்க."

மேடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் போனை எடுத்து, பாட்டைக் குறைத்து, வீடியோவை ஓட்டினார். மேடம் ஒவ்வொரு கோலுக்கும் எந்த இடம் என்று விரலை நோட்டில் வைத்துக்கொண்டே வந்தார். இடது. இடது. நடு. இடது. என் நோட்டில் வெறுமையாக இருந்த இடமெல்லாம் அவர் விரலால் நிரம்பியது.

"இந்த இடது பக்கத்தை நீங்க சரி பண்ணீங்களா மிஸ்?"

டீச்சர் பொய் சொல்லாத ஆள். "இல்ல மேடம். முப்பது பொண்ணுங்க எனக்கு. ஓட்டம், பாஸ், அதுக்கே நேரம் சரியாப் போயிடும். தானா வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"தானா வரலீங்க," என்றேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. காலையில் அவள் தனியாக வருவதையும், தப்பின இடத்துக்கே போய் நிற்பதையும் சொல்லிவிட்டேன். "தோல்ல கீறல் இருந்தா இருந்ததுதாங்க. எத்தினி வருஷம் வெச்சிருந்தாலும் போகாது. நான் எவ்ளோ தோல் பாத்திருக்கேன். இவளுக்குப் போட்ட குறி மறு வருஷம் இல்லாம போயிடுதுங்க."

மேடம் இன்றைய பக்கத்தைத் திருப்பினார். வலது கம்பத்துக்குப் பக்கத்தில் நான் போட்ட பெருக்கலைத் தொட்டார்.

"இது?"

"அது புதுசுங்க. அந்த இடத்துல இதுக்கு முன்னாடி இல்ல."

"அப்போ நாளைக்குக் காலைல இங்கதான் வந்து நிப்பாளா?"

"நிப்பா."

சொல்லிய பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. மேடம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் வேலூர்லதான் தங்கியிருக்கேன். அஞ்சரைக்கு வர்றேன். அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

இரண்டாம் பாதியில் அவள் இடது பக்கத்திலிருந்து ஒரு கோல் போட்டாள். அழகான கோல். ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுப்போனோம். அந்தக் கோலை மேடம் எழுதிக்கொள்ளவே இல்லை.

சாயங்காலம் நானும் அவளும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் அப்படித்தான். அவள் மட்டையால் ரோட்டோரக் கல்லைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆயா, அந்த மேடம் மூஞ்சியப் பாத்தியா? வெளக்கெண்ண குடிச்ச மாதிரி. அவ்ளோதான், எனக்குக் கம்பெனி கேட்தான். அப்பா திங்கக்கெழம ஃபோட்டோ குடுக்கணும்னு எடுத்துட்டே வந்துட்டாரு."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"இன்னாத்துக்கு உம்முனு வர்ற? தோத்தது நானு, சோகம் ஒனக்கா?"

நாக்கு நுனியில் நின்றது. நாளைக்கு மறக்காமல் வா, அந்த வலது கம்பத்துக்குப் போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் போவாள். மேடம் பார்ப்பார். வேலை முடிந்தது. ஆனால் கம்பெனியில் ஒருத்தி இருந்தாள். ஆள் குறைவாக இருந்த ஒரு நாள் கீறல்மேல் மெழுகைத் தேய்த்து மறைத்து அனுப்பினாள். ஷூ தைத்து முடித்த பிறகு, வளையும் இடத்தில் பிளந்துகொண்டது. இவளை நான் அப்படி மெழுகு பூசி அனுப்ப மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கைவந்த வேலை அதுதானே.

வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவதற்குள் டீச்சர் போன் செய்தார்.

"ஆயா, நீங்க அவகிட்ட லேசா ஒரு வார்த்தை போட்டு வையுங்க. வலது பக்கம் ப்ராக்டிஸ் பண்ணுன்னு. நேராச் சொல்ல வேணாம்."

"நான் சொல்ல மாட்டேன் டீச்சர்."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"நீங்களும் சொல்லாதீங்க," என்று அதோடு சேர்த்துவிட்டேன்.

"சரி ஆயா," என்றார் டீச்சர், மாணவி மாதிரி.

மறுநாள் ஐந்தரைக்கு மேடம் வந்துவிட்டார். சைக்கிள் ஷெட்டுக்குள் நிற்க வைத்தேன். டீச்சர் முந்தின ரயிலைப் பிடித்து அவருக்கு முன்பே வந்திருந்தார். அறையைத் திறந்து கூடையை வெளியே வைத்தேன்.

அவள் வரவில்லை.

ஐந்தே முக்கால். ஆறுக்கு ஐந்து நிமிஷம். கிழக்கே வெளுத்துக் காக்கா கத்த ஆரம்பித்துவிட்டது. தோற்றுப்போன வருத்தத்தில் படுத்துவிட்டாளோ? அப்பா வேண்டாம் என்று தடுத்துவிட்டாரோ? டீச்சர் என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். மேடம் ஒரு காலை மாற்றி நின்றார்.

கேட் கிறீச்சிட்டது. அவள்தான். தோளில் மட்டை, இன்னொரு தோளில் ஒரு பழைய ஸ்கூட்டர் டயர்.

"இன்னா ஆயா, பேய் அடிச்ச மாதிரி நிக்கற? இந்த டயருக்காக மெக்கானிக் அண்ணனை எழுப்ப வேண்டியதாப் போச்சு. ஒரே பேஜாரு."

கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் நேராக இடது பக்கம் போனாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. இடது பக்கத்தில் நின்று நாலு பந்து அடித்தாள். நாலும் கோல். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஷெட்டுப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

அப்புறம் கையை உதறிக்கொண்டு, டயரை உருட்டிக்கொண்டு வலது கம்பத்துக்குப் போனாள். கோல்கீப்பர் நேற்று எங்கே காலை நீட்டினாளோ, அளந்து வைத்த மாதிரி அங்கே டயரைச் சாய்த்து வைத்தாள். அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். பந்து போட்டுக் கொடுக்க ஆள் இல்லை அல்லவா? அதற்கும் யோசித்து வந்திருந்தாள். பந்தைப் பக்கத்துச் சுற்றுச்சுவரில் ஓங்கி அடித்தாள். அது சுவரில் பட்டு, நேற்று வந்த அதே சாய்வில், அதே வேகத்தில் திரும்பி வந்தது. ஓடி வந்து திருப்பிவிட்டாள். டயரில் பட்டது. மறுபடி சுவர். மறுபடி டயர். ஏழு தடவை டயரிலேயே பட்டது. எட்டாவது தடவை மட்டையைத் தரையோடு படுக்க வைத்தாள். பந்து டயருக்கு மேலே எழும்பி வலைக்குள் விழுந்தது.

அவள் அப்போதும் குதிக்கவில்லை. திரும்பிச் சுவருக்குப் போனாள்.

மேடம் ஷெட்டில் நின்று முப்பது பந்துவரை எண்ணினார். கடைசிப் பத்தில் டயரில் பட்டது ஒன்றே ஒன்று. பிறகு காலை இழுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்குள் நடந்தார். இவள் அப்போதுதான் பார்த்தாள். மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த டயரை வைக்கச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நேத்து அவ காலு குறுக்க வந்துச்சு. அது ராத்திரி பூரா கண்ணுலயே நின்னுச்சு."

மேடம் கீழே குனிந்து ஒரு பந்தை எடுத்தார். "சுவரு வேணாம். நான் போட்டுக் குடுக்கறேன், அடி." முட்டி வலிக்க வலிக்க இருபது பந்து போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றும் முந்தினதைவிட வேகம். முடிந்ததும் மூச்சு வாங்க டீச்சரிடம் திரும்பினார்.

"மிஸ், இவங்க அப்பா அம்மா எங்க இருப்பாங்க? இப்பவே பாக்கணும். இந்தப் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சாவிக்கொத்து இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குத்தியது. அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இவங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

அவள் அப்பா வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். தோலை நீல மருந்தில் ஊறவைக்கிற வேலை. விரல் இடுக்கெல்லாம் நீலம். மேடம் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளையாட்டுல கால ஒடச்சிக்கிட்டா இன்னா பண்றதும்மா?"

மேடம் தன் முட்டிப் பட்டையைத் தட்டிக் காட்டினார். "ஒடைஞ்சா இப்படி நடப்பா. நான் உங்க வீடு வரைக்கும் நடந்து வரல?"

அவர் சிரித்துவிட்டார். உள்ளே போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து வந்தார். கம்பெனிக்குக் கொடுக்க எடுத்த ஃபோட்டோ.

"இதுக்கும் ஃபோட்டோ கேப்பீங்க இல்ல? இந்தாங்க. முறைச்சிக்கினுதான் இருப்பா. அது அவ மூஞ்சி."

மேடம் கிளம்பும்போது என் நாலு நோட்டையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "அம்மா, எங்க கிட்ட இதுக்கு மெஷின் இருக்கு. படிச்ச ஆளுங்க இருக்காங்க. அவங்க எல்லாம் கோலைத்தான் எண்ணறாங்க," என்றார். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாசம் அவள் டீம் ஆடிய ஆட்டத்தைப் போனில் நேராகவே காட்டினார்கள். டீச்சர் தன் போனைப் பள்ளிக்கூட மேசைமேல் சாய்த்து வைத்தார். அவள் அம்மா, அப்பா, ஹாக்கிப் பெண்கள், கணக்கு டீச்சர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் வழக்கம்போல ஓரத்தில், ஐந்தாவது நோட்டோடு. முதல் பாதியில் அவள் ஒன்று தவறவிட்டாள். வலது கம்பம், அதே மாதிரி ஓரத்திலிருந்து வேகமாக வந்த பந்து. பெருக்கல் போட்டேன். இத்தனை நாளுக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடியுமா?

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். அங்கேயே, அதே சாய்வில் இன்னொரு பந்து வந்தது. கோல்கீப்பர் காலை நீட்டினாள். அவள் மட்டையைத் தரையோடு படுக்க வைத்தாள். பந்து அந்தக் காலுக்கு மேலே எழும்பி வலைக்குள் விழுந்தது.

அறையில் யாரோ வாய்விட்டு அலறினார்கள். எல்லோரும் போனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்த பிறகுதான், அலறியது நான் என்று தெரிந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து தமிழ் டீச்சர் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கோலு!" என்று மறுபடி கத்தினேன். நோட்டு கீழே விழுந்து கிடந்தது. குனிந்து எடுக்கவில்லை.